பக்கத்து வீட்டு சிட்

எங்கள் தாமானில் ஒரு மரண சகாய நிதி இருக்கிறது. ஜெலாப்பாங் பக்கம் இது அதிசயமில்லை. தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்களாகிப் போன பிறகு, லயத்தை விட்டு வந்தவர்கள் எங்கெல்லாம் குடியேறினார்களோ அங்கெல்லாம் இப்படி ஒன்றைப் பார்க்கலாம். பெயர்ப் பலகை கிடையாது. அலுவலகம் கிடையாது. குடும்பத்துக்கு மாதம் 5 வெள்ளி. வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் அன்று இரவுக்குள் 2,000 வெள்ளி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பெட்டிக்கும் வேனுக்கும் பூவுக்கும் மறுநாள் காலையில் யாரிடமும் கைநீட்டும் நிலை வரக்கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி என்றால் பணம் கிடையாது. பணம் பெட்டியை விட்டுப் போகும் முன் செயற்குழுவில் இருவர் கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

அந்த நிதிக்கு நான்தான் பொருளாளர். பதினோரு வருடமாக. தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். திருப்புளியும் சாலிடரிங் இரும்பும் கையில் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 140 குடும்பங்களின் கணக்கை நீளமான நோட்டில் எழுதிக்கொண்டிருந்த நிதியை, கணினிக்குக் கொண்டுவந்தவன் நான். அதோடு நிற்காமல் 2023 இறுதியில், "இனிமேல் எதுக்கு நோட்டு? எல்லாம் கணினியிலேயே இருக்கே" என்று கூட்டத்தில் சொல்லி நோட்டை நிறுத்தியவனும் நானேதான். தலைவருக்கு அதில் விருப்பமில்லை. அவர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். பேர் போடும் புத்தகம் இல்லாமல் ஒரு நாளும் கண்டதில்லை. ஆனாலும் 'படித்தவன் சொல்கிறான்' என்று விட்டுவிட்டார்.

அந்தக் கணினி பழசு. விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்த மேசைக் கணினி. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று வருடங்களாகியிருந்தன. பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் அக்காள் மகன் ஒரு பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தபோது, "மாமா, இதைத் தூக்கிப் போட வேணாம். லினக்ஸ் போட்டுத் தரேன்" என்றான். போட்டும் தந்தான். டெபியன் 12. நிறுவும்போது முதலில் வரும் மொழிப் பட்டியலிலேயே தமிழ் இருந்தது. உறுப்பினர் பெயர்களையெல்லாம் தமிழில் தட்டச்சு செய்தேன். கட்டணம் ஒரு காசு இல்லை. லிப்ரே ஆபிஸில் எக்செல் போலவே கட்டம் கட்டமாக விரிந்தது கணக்கு. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

போகும்போது அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மாமா, இது ஸ்டேபிள் கிளை. இப்படியே விட்டுடுங்க."

ஸ்டேபிள் என்றால் ஆடாது, அசையாது, தொங்கி நிற்காது என்று நான் புரிந்துகொண்டேன். பலரும் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். எல்லாத் தொல்லையும் அந்தத் தப்பான புரிதலில் ஆரம்பித்தது.

2024 ஜனவரியில் எங்கள் செயற்குழுவில் இருக்கும் இளைஞர் ஒருவர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து காட்டினார். அவரிடமும் லிப்ரே ஆபிஸ்தான், ஆனால் என்னுடையதைவிடப் புதிது. என்னிடம் இருந்தது 7.4. அது 2022 ஆகஸ்டில் வந்தது. ஒன்றரை வருடப் பழசு. அன்றைய தேதியில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பொருளில் நான் ஏன் பழையதை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? இணையத்தில் தேடினேன். டெபியனில் ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள் என்று மூன்று கிளைகள் இருக்கின்றன, புதியது வேண்டுமென்றால் அன்ஸ்டேபிளுக்குப் போகலாம் என்று தெரிந்தது. மென்பொருள்களை எங்கிருந்து எடுப்பது என்று கணினிக்குச் சொல்லும் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. அதில் சில வரிகள்தான். 'புக்வோர்ம்' என்று இருந்த இடத்தில் 'சிட்' என்று மாற்றினேன். ஒரு கட்டளை கொடுத்தேன். இரண்டு மணி நேரம் பதிவிறங்கியது. மறுபடி திறந்தால் எல்லாமே புதுசு!

ஆறு வாரம் ஒரு குறையும் இல்லை. பிப்ரவரியில் லிப்ரே ஆபிஸ் 24.2 வந்து சேர்ந்தது. அந்த இளைஞரிடம் இருந்ததைவிட இப்போது என்னுடையது புதிது. அக்காள் மகனிடம் மட்டும் சொல்லவில்லை.

மார்ச் மாதம், நோன்பு தொடங்கிய வாரம். மாலையில் வழக்கமான இடிமழை பெய்து ஓய்ந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கணினியைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். 'பின்வரும் தொகுப்புகள் நீக்கப்படும்' என்று சொல்லி ஒரு பட்டியல் ஓடியது. நீளமான பட்டியல். திரை முழுக்க ஓடி மேலே போய்விட்டது. கடைசியில் 'தொடரலாமா?' என்ற கேள்வி. நான் படிக்கவில்லை. 'ஒய்' விசையை அழுத்தினேன். தொழிற்சாலையில் இப்படி யாராவது எச்சரிக்கையைப் படிக்காமல் பொத்தானை அழுத்தியிருந்தால் நானே அறைந்திருப்பேன்.

மறுபடி திறந்தபோது கறுப்புத் திரையில் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு ஒரு வரி. வேறொன்றும் இல்லை. மேசைத்திரை போயிருந்தது. லிப்ரே ஆபிஸ் போயிருந்தது.

எட்டரை மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. இரண்டு தெரு தள்ளி ஓர் அண்ணன் தவறிவிட்டார்.

பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் தலைவரும் இன்னொரு செயற்குழு உறுப்பினரும் நின்றிருந்தார்கள். "கணக்கைக் கொண்டாந்தியா?" என்றார் தலைவர். கணினி பழுது என்றேன். அச்செடுத்த தாள்? இல்லை. நோட்டு? டிசம்பரோடு நின்றுவிட்டது. அந்த உறுப்பினர் கெட்டவர் இல்லை, விதியைத்தான் கேட்டார். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டார். "ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு கட்டியிருந்தாரா, இல்லையா? அதுக்கு முந்தி பாக்கி இருந்திச்சா?"

கூடத்தில் இருந்த அக்காவுக்கு அது கேட்டது. அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "போன ஞாயித்துக்கிழமை உங்க கையிலதானே தம்பி குடுத்தேன்" என்றார் என்னிடம்.

கொடுத்தார்தான். நான் வாங்கினேன், கணினியில் பதிந்தேன். காட்டத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. கணவரைக் கிடத்தியிருக்கும் வீட்டில் ஒரு பெண், தான் 5 வெள்ளி கட்டியதற்குச் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. தலைவர், "பணத்தைக் குடு. நாளைக்குக் கணக்குல குறை இருந்தா என் பொறுப்பு" என்று சொல்லி முடித்து வைத்தார்.

மறுநாள் அக்காள் மகனைக் கைப்பேசியில் அழைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் விட்டுப்போயிருந்த பென்டிரைவிலிருந்தே கணினியைத் திறக்கச் சொன்னான். கோப்பைத் தேடி எடுத்து இன்னொரு பென்டிரைவுக்கு மாற்றச் சொன்னான். கோப்பு பத்திரமாக இருந்தது. மென்பொருள்தான் நீங்கியதே தவிர நாம் எழுதி வைத்ததில் ஒரு எழுத்தும் போகவில்லை. இளைஞரின் மடிக்கணினியில் திறந்து பார்த்தோம். அந்த அண்ணனின் வரிசையில் ஒரு மாதமும் விடுபடவில்லை. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டு வேலை இல்லாமல் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த மாதங்களிலும் கட்டியிருக்கிறார். தாளில் அச்செடுத்துத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்க்காமலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வார இறுதியில் அக்காள் மகன் வந்தான். முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்து மறுபடி டெபியன் 12 போட்டான். "சிட்டிலிருந்து ஸ்டேபிளுக்குத் திரும்ப வரமுடியாதா?" என்று கேட்டேன். முடியாதாம். மேலே ஏறலாம், இறங்குவதற்கு முறையான வழி கிடையாது. பழையபடி வேண்டுமென்றால் முதலிலிருந்து போட வேண்டும். ஒரு வரியை மாற்றியபோது ஒற்றை வழிப் பாதையில் நுழைகிறேன் என்று எனக்குத் தெரியாது.

பிறகு ரொட்டி சானாயும் தேத்தண்ணியுமாக உட்கார்ந்து, அவன் எனக்குக் கிளைகளை விளக்கினான்.

டெபியன் 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் முர்டாக் என்ற இளைஞர் அறிவித்த திட்டம். அவருடைய காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் ஆக்கினார். முதலாளி இல்லை, உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். லினக்ஸ் என்பது உள்ளே ஓடும் எஞ்சின் மட்டும். அதன்மேல் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போக வைத்துத் தருவதுதான் டெபியன் போன்ற வழங்கல்களின் வேலை. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸுக்கும் டெபியன்தான் அடிப்படை. நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கும் உபுண்டுவும் இதிலிருந்து கிளைத்ததே.

ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும் அதற்குப் பொறுப்பானவர் அதை முதலில் அன்ஸ்டேபிள் கிளையில் ஏற்றுகிறார். அங்கே சில நாள் கிடக்கும். அவசரத்தைப் பொறுத்து இரண்டு நாளோ ஐந்து நாளோ பத்து நாளோ ஆகலாம். அதற்குள் யாரும் பெரிய பழுதைக் கண்டுபிடிக்காமல் இருந்து, அது நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்களும் தயாராக இருந்தால், தானாகவே டெஸ்டிங் கிளைக்கு நகரும். டெஸ்டிங்கில் எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 'இனிப் புதிதாக எதுவும் உள்ளே வராதே' என்று கதவைச் சாத்துகிறார்கள். அதற்கு உறைய வைத்தல் என்று பெயர். மாதக்கணக்கில் பழுதுகளை மட்டும் தீர்த்துவிட்டு, ஒரு நாள் அதை ஸ்டேபிள் என்று அறிவிக்கிறார்கள். அன்றோடு அதன் பதிப்பு எண்கள் நின்றுவிடும். அதன்பிறகு பாதுகாப்புத் திருத்தமும் மோசமான பழுதுக்குத் திருத்தமும்தான் வரும். 7.4 என்றால் கடைசிவரை 7.4.

"அப்ப ஸ்டேபிள்னா தொங்காதுன்னு அர்த்தம் இல்லையா?"

"மாறாதுன்னு அர்த்தம் மாமா. இன்னிக்கு எப்படி இருக்கோ, ரெண்டு வருசம் கழிச்சும் அப்படியே இருக்கும். அதுல ஒரு பழுது இருந்தா அதுவும் தெரிஞ்ச பழுதா இருக்கும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனுக்கு இன்னொரு ரொட்டி வாங்கிக் கொடுத்திருக்கலாம். பழசு என்று நான் நினைத்தது கைவிடப்பட்டது இல்லை. வேண்டுமென்றே நிறுத்தி வைத்துக் காவல் காக்கப்படுவது. ஒரு ஸ்டேபிள் பதிப்புக்கு மூன்று வருடம் முழுப் பராமரிப்பும், அதன்பின் இரண்டு வருடம் நீண்டகாலப் பராமரிப்பும் கிடைக்கிறது. புக்வோர்முக்கு அது 2028 ஜூன் வரை போகிறது.

நடுவில் இருக்கும் டெஸ்டிங்கில் உட்கார்ந்துகொண்டால் ரொம்பப் பழசும் இல்லை, ரொம்பப் புதுசும் இல்லை, நமக்குச் சரியாக இருக்குமே என்று எனக்கு அடுத்த ஆசை வந்தது. அவன் தலையை ஆட்டினான். பாதுகாப்புத் திருத்தம் ஸ்டேபிளுக்கு உடனே வரும். அன்ஸ்டேபிளுக்குப் புதிய பதிப்பாகவே வந்துவிடும். டெஸ்டிங்கில் இருப்பவர் அந்தக் காத்திருப்பு நாள்கள் முடிந்து கீழே நகரும் வரை நிற்க வேண்டும். நடுவழி எப்போதும் பத்திரமான வழி இல்லை. ஒரே ஒரு மென்பொருள் மட்டும் புதிதாக வேண்டுமென்றால் 'பேக்போர்ட்ஸ்' என்று ஒரு பக்க வாசல் உண்டு. டெஸ்டிங்கில் தேறியதை ஸ்டேபிளுக்கு ஏற்றபடி கட்டித் தருவார்கள். லிப்ரே ஆபிஸும் அந்த வழியில் வருவது உண்டாம். வாசல் அங்கே இருக்க, நான் கூரையைப் பிரித்திருக்கிறேன்.

பெயர்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இயன் முர்டாக்கிற்குப் பிறகு டெபியனுக்குத் தலைமை ஏற்ற புரூஸ் பெரன்ஸ், பிக்சார் நிறுவனத்தில் வேலை செய்தவர். அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் 'டாய் ஸ்டோரி' படத்துப் பொம்மைகளின் பெயரை வைத்தார்கள். முதலில் பஸ், ரெக்ஸ். பிறகு உட்டி, ஜெஸ்ஸி, புக்வோர்ம். டெஸ்டிங்கில் இருக்கும்போதே பொம்மையின் பெயர் வந்துவிடும். ஸ்டேபிள் ஆனாலும் அதே பெயர் தொடரும். அன்ஸ்டேபிளுக்கு மட்டும் என்றைக்கும் ஒரே பெயர், சிட். பேத்தியோடு நானும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். சிட் பொம்மை இல்லை; பக்கத்து வீட்டுப் பையன், கிடைத்த பொம்மையையெல்லாம் பிய்த்துப் போட்டுக் கண்டபடி ஒட்டிப் பார்ப்பவன். பெயரிலேயே எச்சரிக்கை எழுதி ஒட்டியிருந்தது. பேத்தியிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாள்.

டெபியனின் ஆரம்பமே இந்தக் குழப்பத்தில்தான். 1995 இறுதியில் குறுந்தட்டு விற்கும் ஒரு நிறுவனம், தயாராகாமல் நடுவேலையில் இருந்ததை எடுத்து '1.0' என்று பெயர் போட்டு விற்றுவிட்டது. அந்த எண் கெட்டுப்போனதால் டெபியன்காரர்கள் 1.0 என்று ஒன்றை வெளியிடவே இல்லை. 1996 ஜூனில் 1.1 என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆக, கிளை தெரியாமல் கை வைத்தவர்களில் நான் முதல் ஆள் இல்லை என்று ஒரு சின்ன ஆறுதல்.

என் கணினியில் அன்று என்னதான் நடந்தது? பழைய 32 பிட் முறையில் கணினிகள் நேரத்தை எண்ணும் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதற்கு இப்போதே வழி செய்வதற்காக டெபியன்காரர்கள் அந்த மாதம் அன்ஸ்டேபிளில் நூற்றுக்கணக்கான அடிப்படைத் தொகுப்புகளின் பெயரையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி மாறியிருக்கும், பாதி மாறாமல் இருக்கும். அந்த நேரத்தில் முழுப் புதுப்பிப்புக் கொடுத்தால், ஒத்துப்போகாததையெல்லாம் நீக்கட்டுமா என்று கணினி கேட்கும். கேட்டது. நான் 'ஒய்' என்றேன். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. பாதையைப் பெயர்த்துப் போட்டு வேலை நடக்கிறது என்று பலகை வைத்திருந்த இடத்தில் மோட்டார் சைக்கிளை விட்டவன் நான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா தோட்டத்தில் ஒட்டுக்கட்டும் ஆள். குட்டிக் கத்தியால் கன்றின் பட்டையைக் கீறி, நல்ல மரத்தின் மொட்டை உள்ளே செருகிக் கட்டுவார். எந்த மரத்தின் மொட்டு என்பது அவர் கையில் இல்லை. 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆய்வுக் கழகம் புதிய மர வகைகளை உண்டாக்கிக்கொண்டே இருந்தது. 'ஆர்ஆர்ஐஎம் 600' என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த அந்த மரம், ஜாவாவிலிருந்து வந்த ஒரு வகையையும் 'பிபி 86' என்ற வகையையும் கலந்து பிறந்தது. ஆனால் பிறந்தவுடன் எல்லா நிரையிலும் நட்டுவிட மாட்டார்கள். கழகம் வெளியிடும் நடவுப் பரிந்துரையில் வகுப்பு உண்டு. முதல் வகுப்பு என்றால் பெரிய அளவில் நடலாம். இரண்டாம் வகுப்பு என்றால் மிதமாக. மூன்றாம் வகுப்பு என்றால் சோதனைக்கு மட்டும், கொஞ்சமாக. ரப்பர் கன்று பால்வெட்டுக்கு வர ஐந்தாறு வருடமாகும். அதன்பிறகுதான் காற்றில் ஒடிகிறதா, பட்டை தாங்குகிறதா, நோய் பிடிக்கிறதா என்பதெல்லாம் தெரியும். தப்பான மரத்தை மலை முழுக்க நட்டுவிட்டால் தோட்டத்துக்கு ஒரு தலைமுறை நட்டம்.

எங்கள் தோட்டத்திலும் ஓடை ஓரமாக ஒரு சின்னத் துண்டில் புது வகை நட்டிருந்தார்கள். நான் சின்னப் பையன். "இது ரொம்பப் பால் கொடுக்குமாமே, ஏன் எல்லா இடத்திலும் நடலை?" என்று கேட்டேன். அப்பா, "கொடுக்குமான்னு பாக்கத்தான் இங்க நட்டிருக்கு. அங்க நட்டிருக்கறது நாம சாப்பிடறதுக்கு" என்றார்.

அக்காள் மகனிடம் இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா சிட்டையும் ஸ்டேபிளையும் ஒரே வரியில சொல்லிட்டாரு மாமா" என்றான்.

கதை அங்கே முடியவில்லை. அதே மாதம் 29-ஆம் தேதி, பெரிய வெள்ளி. மறுநாள் காலை அக்காள் மகன் புலனத்தில் அழைத்தான். "மாமா, சிட்டை அழிச்சது நல்லதாப் போச்சு." அவன் குரலில் பதற்றம் இருந்தது.

எக்ஸ்இசட் என்று ஒரு சின்ன மென்பொருள். கோப்புகளைச் சுருக்கும் கருவி. லினக்ஸ் கணினிகள் அநேகமாக எல்லாவற்றிலும் உள்ளே இருக்கும். அதைப் பல வருடமாக ஒரே ஆள், தன் சொந்த நேரத்தில் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து உதவி செய்தார், இரண்டு மூன்று வருடம் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்றார், பொறுப்பும் பெற்றார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஒரு ரகசியக் கதவை ஒளித்து வைத்தார். அவர் யார் என்பது இன்றுவரை வெளியாகவில்லை.

அது டெபியனில் எந்த வழியாக வந்திருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். முதலில் சிட். சில நாளில் டெஸ்டிங். ஸ்டேபிளுக்குள் போகவில்லை, அங்கே பழைய பதிப்பு, கதவு சாத்தியபடி இருந்தது. அடுத்த ஸ்டேபிள் வரும்வரை யாரும் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் உலகத்தில் எத்தனை கணினிகளுக்குள் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என்னுடைய கணினியிலும் அந்த 5.6 பதிப்பு ஒரு சில வாரம் இருந்திருக்கிறது. வெளியிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் சேவையை நான் போட்டிருக்கவில்லை, அதனால் பயமில்லை என்று அக்காள் மகன் சொன்னான். பயம் வராமல் இருக்கவில்லை. 140 குடும்பத்தின் பெயர், அடையாள அட்டை எண், வாரிசு விவரம் எல்லாம் அதில்தான்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு ஒன்று. அதைக் கண்டுபிடித்தவர் ஆன்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர். மைக்ரோசாப்டில் வேலை. பாதுகாப்பு அவர் துறைகூட இல்லை, தரவுத்தள வல்லுநர். தன் கணினியில் எஸ்எஸ்எச் வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடி! நாமாக இருந்தால் இணையம் மெதுவாக இருக்கிறது என்று விட்டிருப்போம். அவர் தோண்டிப் பார்த்தார். அப்படி அவர் கவனித்த கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? டெபியன் சிட்.

அதுவரை சிட்டை நான் மனத்துக்குள் வைதுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து நிறுத்திவிட்டேன். ஓடை ஓரத்துத் துண்டில் யாராவது நட்டால்தான் மேட்டு நிரையில் இருப்பவனுக்குப் பால். என் தவறு சிட்டில் இருந்ததில்லை. ஊரார் பணத்தைக் கொண்டுபோய் அங்கே நட்டதுதான்.

2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி டெபியன் 13 வந்தது. பெயர் டிரிக்ஸி. அன்றைக்கே போடச் சொல்லிக் கை அரித்தது. போடவில்லை. சேர்ந்த திருத்தங்களோடு முதல் புள்ளிப் பதிப்பு 13.1 செப்டம்பரில் வந்தது. அதற்கும் பொறுத்திருந்து, தீபாவளி விடுமுறையில் அக்காள் மகன் பக்கத்தில் இருக்கும்போது மாற்றினேன். அவன் ஒன்று கவனிக்கச் சொன்னான். மூலக் கோப்பில் 'ஸ்டேபிள்' என்று எழுதக்கூடாது, 'டிரிக்ஸி' என்று பொம்மையின் பெயரைத்தான் எழுத வேண்டும். 'ஸ்டேபிள்' என்று எழுதினால், அடுத்த பதிப்பு அந்தப் பட்டத்தை வாங்கும் நாளில் நமக்குத் தெரியாமலேயே அதற்குத் தாவிவிடும். பதவியின் பெயரை எழுதாதே, ஆளின் பெயரை எழுது. நம்மூர் அரசியலுக்கு இது பொருந்துமா என்று கேட்காதீர்கள்.

டிரிக்ஸியில் 32 பிட் கணினிகளுக்கு நிறுவும் தட்டு நின்றுவிட்டது. மனைவியின் சின்ன மடிக்கணினி அந்த வகை. அது புக்வோர்மிலேயே இருக்கிறது. தொழிற்சாலை நண்பர் தூக்கிப் போட இருந்த இன்னொரு மடிக்கணினியை வாங்கி வந்து அதில் சிட் போட்டு வைத்திருக்கிறேன். அதில் கணக்கு எதுவும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பேன். நீக்கப் போகும் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். இரண்டு முறை படுத்துவிட்டது. ஒருமுறை நானே எழுப்பினேன்.

நோட்டு திரும்பி வந்துவிட்டது. தலைவர் பசாரில் புதிதாக வாங்கி, அட்டையில் தன் கையால் எண் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை முதலில் நோட்டில் எழுதுகிறேன், பிறகு கணினியில் பதிகிறேன், ஒரு தாளும் அச்செடுத்துக் கோப்பில் வைக்கிறேன்.

அந்த அக்கா இப்போது தானே நடந்து வந்து 5 வெள்ளியைத் தருகிறார். முன்பெல்லாம் கொடுத்துவிட்டு உடனே போய்விடுவார். இப்போது போவதில்லை. நான் நோட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதி முடிக்கும்வரை நிற்கிறார். பிறகு கணினித் திரையையும் எட்டிப் பார்க்கிறார். நான் திரையை அவர் பக்கம் திருப்பி வைக்கிறேன்.